குழு வேறு, தலைப்பு வேறு: சங்கத்துக்கு ஒரு சமூக வலைத்தளம் அமைப்பது எப்படி?

"நமக்குன்னு தனியா ஒரு ஆப் போட்டுடலாம் சார்." குடியிருப்போர் நலச் சங்கம், முன்னாள் மாணவர் சங்கம், தொழிற்சங்கம், தன்னார்வ அமைப்பு என்று எதை எடுத்தாலும், செயற்குழுக் கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். வாட்ஸ்அப்பில் எதைத் தேடினாலும் கிடைப்பதில்லை, முக்கியமான அறிவிப்பு பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துபோகிறது என்கிற அலுப்பில் பிறக்கும் யோசனை இது. உடனே இன்னொருவர், "எல்லாத்தையும் தலைப்பு வாரியாப் பிரிச்சிடணும்" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். அப்படியென்றால் என்ன என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் மனதில் இருப்பது பத்து வாட்ஸ்அப் குழுக்கள். இன்னொருவருக்கு ஹேஷ்டேக். மூன்றாமவருக்கு, விஷயவாரியாகப் பிரிவுகள் உள்ள ரெடிட் தளம் மாதிரி ஏதோ ஒன்று.

மூன்றும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு பிடிபடாமல் பணம் கட்டி ஆப் வாங்கும் சங்கங்கள், சில மாதங்களில் மறுபடி வாட்ஸ்அப்புக்கே திரும்பிவிடுகின்றன. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதவில்லை. எந்தத் தளம் என்று முடிவெடுத்துக் கையெழுத்துப் போடப்போகும் செயலாளருக்கும் பொருளாளருக்கும் எழுதுகிறேன்.

## ஆளைத் தொடர்வதும் விஷயத்தைத் தொடர்வதும்

2004இல் தொடங்கிய ஃபேஸ்புக்குக்கு அடிப்படை, மனிதர். ஒருவரை நண்பராகச் சேர்த்துக்கொண்டால் அவர் எழுதுவது உங்களிடம் வரும். 2006 செப்டம்பரில் நியூஸ் ஃபீட் வந்த பிறகு எல்லா நண்பர்களின் எழுத்தும் ஒரே பக்கத்தில் கொட்ட ஆரம்பித்தது. இந்த மாதிரி ஏற்பாட்டை ஆள்வழித் தளம் என்று வைத்துக்கொள்வோம். மாமா பையனை உறவுக்காகச் சேர்த்திருப்பீர்கள். அவருடைய அரசியலும் கிரிக்கெட்டும் இலவச இணைப்பாக வந்து சேரும்.

தலைப்புவழித் தளத்தில் அடிப்படை, விஷயம். எழுதுகிறவர் யாராக இருந்தாலும், எழுதும்போதே "இது எதைப் பற்றியது" என்று சொல்லித்தான் எழுத வேண்டும். படிக்கிறவரும் மனிதர்களைத் தொடர்வதில்லை, விஷயத்தைத் தொடர்கிறார்.

இது புதுமை ஒன்றும் இல்லை. தாலுகா அலுவலகத்திலிருந்து வரும் எந்தக் கடிதத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். மேலே ந.க. எண் இருக்கும். அதன் பிறகு "பொருள்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே "பார்வை" என்று, இதற்கு முன் நடந்த கடிதப் போக்குவரத்தின் விவரம். நீங்கள் கொடுத்த பட்டா மாறுதல் மனு அங்கே ஒரு கோப்பாகிவிடுகிறது. தாசில்தார் மாற்றலாகிப் போவார், எழுத்தர் ஓய்வு பெறுவார், கோப்பு அங்கேயே இருக்கும். புதிதாக வந்து உட்காருபவர் முதல் தாளிலிருந்து புரட்டினால் நடந்தது அத்தனையும் தெரிந்துவிடும். (கோப்பு ஏன் நகர்வதில்லை என்பது தனி வழக்கு.) அதே அலுவலகத்தில் எல்லா மனுக்களையும் பொருள் பார்க்காமல், வந்த நேர வரிசைப்படி ஒரே கட்டாகக் கட்டி வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் உங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு.

## நாற்பது ஆண்டுக்கு மேலான அனுபவம்

விஷயத்தை வைத்து மக்களைச் சேர்க்கும் முயற்சி, வலைப் பக்கங்களுக்கே மூத்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் 1979இல் யோசித்த யூஸ்நெட் என்கிற கணினிவழி விவாத வலையமைப்பு, 1980இல் இயங்கத் தொடங்கியது. கணினி, அறிவியல், பொழுதுபோக்கு என்று பெரும் பிரிவுகள், அவற்றுக்குள் கிளைகள், கிளைக்குள் கிளைகள். வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்துப் படிக்கலாம்.

அங்கே நடந்த இரண்டு சம்பவங்கள் இன்றைய சங்கச் செயலாளருக்கும் பயன்படும். முதலாவது, பெயர்ச் சண்டை. 1987இல் பிரிவுகளின் பெயர்களை எல்லாம் மாற்றி ஒழுங்குபடுத்தினார்கள். எந்தத் தலைப்பை அனுமதிப்பது என்பதைச் சிலர் மட்டும் முடிவுசெய்வது பிடிக்காமல், அதே ஆண்டில், யார் வேண்டுமானாலும் தலைப்பு தொடங்கலாம் என்கிற ஆல்ட் என்னும் தனிப் பிரிவு கிளம்பிவிட்டது. தலைப்பை யார் தொடங்கலாம் என்பது தொழில்நுட்பக் கேள்வி மாதிரிதான் தெரியும். உண்மையில் அது அதிகாரம் பற்றியது.

இரண்டாவது, 1993. அதுவரை ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரியில் சேரும் புது மாணவர்கள் யூஸ்நெட்டுக்குள் வந்து கொஞ்ச நாள் அமளி செய்வார்கள். பழையவர்கள் சொல்லிக்கொடுக்க, ஓரிரு மாதத்தில் பழகிவிடுவார்கள். வணிக இணையச் சேவைகளின் வாடிக்கையாளர்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கியதும் அந்தப் பழக்கல் கைமீறியது. "முடியாத செப்டம்பர்" என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். எந்த அளவில் கூட்டம் வந்தால் உங்கள் ஆட்கள் சொல்லிக்கொடுத்துச் சமாளிக்க முடியுமோ அந்த அளவில்தான் கதவைத் திறக்க வேண்டும். 500 பேரை ஒரே நாளில் தளத்தில் ஏற்றிவிட்டு, யாரும் ஒழுங்காக எழுதவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

## ஒட்டிக்கிடக்கும் மூன்று கேள்விகள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு செய்தி எழுதப்படும்போது, அதைப் பற்றி மூன்று முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது. இதை யார் பார்க்கலாம்? இது எந்த விஷயத்தைச் சேர்ந்தது? இதற்காக யாருடைய ஃபோன் இப்போதே ஒலிக்க வேண்டும்? முதலாவதை அனுமதி என்போம். இரண்டாவது, தலைப்பு. மூன்றாவது நாமெல்லாம் அறிந்த நோட்டிஃபிகேஷன்.

வாட்ஸ்அப் குழு இந்த மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகிறது. குழுவில் இருந்தால் எல்லாம் தெரியும், எல்லாவற்றுக்கும் ஃபோன் ஒலிக்கும். தொல்லை தாங்காமல் மியூட் போட்டால் தேவையானதும் சேர்ந்து அமுங்கிப்போகும். குழுவில் இல்லையென்றால் எதுவுமே தெரியாது. அதனால்தான், மூன்றில் ஒன்றை மட்டும் மாற்ற நினைக்கும்போதெல்லாம் புதுக் குழு தொடங்குகிறோம்.

120 வீடுகள், இரண்டு பிளாக்குகள் என்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். பி பிளாக் லிஃப்டின் கதவு சரியாக மூடவில்லை. இதற்காக உடனே ஃபோன் ஒலிக்க வேண்டியது பி பிளாக்கில் இருப்பவர்களுக்கு மட்டும். பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் கட்டுவது பொருளாளர், அவர் ஏ பிளாக்கில் இருக்கிறார். அவர் பார்க்க வேண்டும், ஆனால் இரவு பதினொரு மணிக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஏ பிளாக்கில் மற்றவர்கள் விரும்பினால் பார்க்கலாம், ஒளிக்க ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு தேர்ந்தெடுக்கப்படும் புதுச் செயற்குழு, இதே லிஃப்ட் மறுபடி மக்கர் செய்யும்போது, போன தடவை என்ன செய்தார்கள், எவ்வளவு ஆனது என்று தேடிப் படிக்க வேண்டும்.

குழுக்களை வைத்து இதைச் செய்து பாருங்கள். "பி பிளாக் லிஃப்ட்" என்று குழு தொடங்கி, பி பிளாக்காரர்களைச் சேர்த்து, பொருளாளரையும் சேர்க்க வேண்டும். லிஃப்ட் சரியானதும் அந்தக் குழுவை யாரும் கலைப்பதில்லை. ஒருவர் அதில் ஆடித் தள்ளுபடி விளம்பரம் போடுவார். அடுத்த ஆண்டு வரும் செயலாளர் அதில் உறுப்பினரே இல்லை, சேர்த்துக்கொண்டாலும் பழைய பேச்சு முழுக்க அவருக்குக் கிடைக்காது. தலைப்புவழித் தளத்தில் "பி பிளாக் லிஃப்ட் கதவு" என்று தலைப்பிட்டு எழுதினால் தீர்ந்தது. அனுமதி எல்லாருக்கும், நோட்டிஃபிகேஷன் பி பிளாக்குக்கு மட்டும், விஷயம் தனியாக நிற்கும்.

இதுவரை சொன்னதன் சாரம் இதுதான். குழு என்பது ஆட்களின் பட்டியல். தலைப்பு என்பது விஷயத்தின் முகவரி. தளத்தை வடிவமைப்பது என்றால் அனுமதி, தலைப்பு, நோட்டிஃபிகேஷன் மூன்றையும் தனித்தனியாக முடிவுசெய்ய வழி வைப்பது. அந்த வழி இல்லாத ஆப், எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்னொரு வாட்ஸ்அப்தான்.

## இரண்டு அடுக்கு போதும்

இந்தப் பிரிப்பை ஓரளவு தெளிவாகச் செய்து காட்டிய தளங்களில் ஒன்று ஸூலிப். 2012இல் தொடங்கி, 2014இல் டிராப்பாக்ஸ் நிறுவனத்தால் வாங்கப்பட்டு, 2015இல் திறந்த மூல மென்பொருளாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடியதாக, வெளியிடப்பட்டது. அதில் இரண்டே அடுக்கு. மேலே சேனல், கீழே தலைப்பு.

சேனல் என்பது நிரந்தரமான துறை: பராமரிப்பு, கணக்கு, விழா. யார் பார்க்கலாம் என்கிற அனுமதி பெரும்பாலும் இந்த மட்டத்தில்தான் தொங்குகிறது. தலைப்பு, அந்தத் துறைக்குள் நடக்கும் ஒரு குறிப்பிட்ட காரியம். அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. லிஃப்ட் சரியானதும் "முடிந்தது" என்று குறியிட்டுவிடலாம். குறியிட்ட பிறகும் அது அழிவதில்லை, படிக்கலாம். தேவையில்லாத தலைப்பை மட்டும் தனியாக மியூட் செய்யலாம்.

எனக்கு அதில் மிகவும் பிடித்த வசதி, தப்பான தலைப்பில் விழுந்த செய்தியைச் சரியான தலைப்புக்கு நகர்த்திவிட முடிவது. மனிதர்கள் தப்பான இடத்தில்தான் எழுதுவார்கள். தண்ணீர் லாரி பற்றிய பேச்சுக்கு நடுவில் பார்க்கிங் தகராறு முளைக்கும். "இது இந்தத் தலைப்புக்குப் பொருந்தாது, வேறிடத்தில் எழுதவும்" என்று கண்டித்தால் அவர் அப்புறம் எழுதவே மாட்டார். சத்தமில்லாமல் நகர்த்திவிட்டால் அவருக்கும் கோபமில்லை, லாரியும் பார்க்கிங்கும் பிரிந்துவிட்டன. நகர்த்தும் வசதி இல்லாத தளத்தைச் சங்கத்துக்கு வாங்காதீர்கள் என்பேன். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமே உண்டு.

மற்ற தளங்களும் இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. 2014 முதல் பொதுப் பயன்பாட்டில் உள்ள, அலுவலகங்களுக்கான ஸ்லாக் தளத்தில் சேனல் உண்டு, அதற்குள் ஒரு செய்திக்குக் கீழே பதில்களைத் தொடுக்கும் இழையும் உண்டு. ஆனால் இழை என்பது பேச்சு தொடங்கிய பிறகு முளைப்பது, பெயரும் இல்லாதது. தலைப்பு பேசுவதற்கு முன்பே வைக்கப்படுவது. டெலிகிராம் 2022 நவம்பரில் பெரிய குழுக்களுக்குள் தலைப்புகளைக் கொண்டுவந்தது. அதே மாதம் வாட்ஸ்அப் கம்யூனிட்டி வசதியை அறிமுகப்படுத்தியது. அது பல குழுக்களை ஒரு கூரைக்குள் வைக்கிறது. கூரை நல்லதுதான். உள்ளே ஒவ்வொரு குழுவிலும் அந்த மூன்று கேள்விகளும் பழையபடியே ஒட்டிக்கிடக்கின்றன.

சிலர் இரண்டு போதாது, பிளாக், துறை, உட்துறை என்று நான்கைந்து அடுக்கு வேண்டும் என்பார்கள். வேண்டாம். எழுத வந்தவர் "இதை எங்கே போடுவது?" என்று யோசிக்கும் ஒவ்வொரு நொடியும் அவர் கை வாட்ஸ்அப்பை நோக்கிப் போகிறது.

## ஹேஷ்டேக் வைத்தால் போதாதா?

2007 ஆகஸ்டில் ட்விட்டரில் கிறிஸ் மெசினா முன்வைத்த யோசனை ஹேஷ்டேக். சொல்லுக்கு முன் ஒரு குறி போட்டால், அதே குறி போட்ட எல்லாப் பதிவுகளையும் திரட்டிப் பார்க்கலாம். முன்பின் தெரியாத லட்சம் பேர் ஒரு நிகழ்வைப் பற்றிப் பேசும்போது இது அருமையான கருவி.

சங்கத்துக்கு ஏன் சரிவராது என்றால், ஹேஷ்டேக் செய்தியின் மேல் ஒட்டும் சீட்டு. ஒட்டலாம், ஒட்டாமலும் விடலாம். அதற்குப் பொறுப்பாளர் கிடையாது, முடிந்தது என்று மூடவும் முடியாது. சீட்டு முறை ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால் கடும் கண்காணிப்பு தேவை. 2008இல் தொடங்கிய, நிரலாளர்களுக்கான கேள்வி-பதில் தளம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அப்படித்தான் நடத்தியது: ஒரு கேள்விக்கு அதிகபட்சம் ஐந்து குறிச்சொற்கள், புதுக் குறிச்சொல்லை உருவாக்க 1,500 மதிப்புப் புள்ளிகள், ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களை இணைத்துவிடத் தனி ஏற்பாடு.

தமிழில் எழுதும் சங்கத்துக்குச் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். ஒருவர் தண்ணீர் என்று எழுதுவார், ஒருவர் தண்ணி, ஒருவர் குடிநீர், ஒருவர் மெட்ரோ வாட்டர். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்கள் அதே சொல்லை நாலு விதமாக எழுதுவார்கள். இது தவிர, வேற்றுமை உருபு சேரும்போது நம் சொற்கள் உருமாறிவிடுகின்றன. "கட்டணம்" என்று தேடினால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சாதாரணத் தேடல், "கட்டணத்தை உயர்த்த வேண்டாம்" என்று எழுதியதைக் கண்டுபிடிக்காது. கடைசியில் இருந்த மகர மெய் போய் அத்துச் சாரியை வந்துவிட்டதே! மரம், பணம், கூட்டம், நிலம், விளம்பரம் எல்லாவற்றுக்கும் இதே கதி. ஆப் விற்க வருபவரிடம் இந்தச் சோதனையை அவர் கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லுங்கள். "கட்டணத்தை" என்று ஒரு செய்தி போட்டு, "கட்டணம்" என்று தேடட்டும். அவர் முகம் சொல்லிவிடும்.

தேடல் இப்படி நம்ப முடியாததாக இருப்பதால்தான் பெயர் வைத்த தலைப்பு தமிழுக்கு இன்னும் அவசியமாகிறது. சொல்லை வைத்துத் தேடாமல், இடத்தை வைத்துப் போய்ப் பார்க்கலாம்.

## எத்தனை சேனலில் தொடங்குவது?

மிகக் குறைவாக. உற்சாகத்தில் 30 சேனல் திறந்தால் 27 காலியாகக் கிடக்கும், காலி அறையில் யாரும் முதலில் பேச மாட்டார்கள். 2005இல் தொடங்கிய ரெடிட்டில் முதலில் எல்லாம் ஒரே பக்கம்தான். பயனர்கள் தாங்களே தனிப் பிரிவுகள் தொடங்கலாம் என்று திறந்துவிட்டது 2008இல்தான், கூட்டம் சேர்ந்த பிறகு.

அறிவிப்பு, பராமரிப்பு, கணக்கு, அரட்டை என்று நாலு போதும். அறிவிப்பில் நிர்வாகிகள் மட்டும் எழுதட்டும், அது எல்லார் ஃபோனிலும் ஒலிக்கட்டும். அரட்டையைத் தேவையில்லாதது என்று வெட்டிவிடாதீர்கள். அது இல்லையென்றால் அரட்டை கணக்கு சேனலுக்குள் நடக்கும். ஒரு சேனலில் ஒரே வகை விஷயம் திரும்பத் திரும்ப வந்து மற்றவற்றை அமுக்கும்போது அதைத் தனிச் சேனலாகப் பிரியுங்கள்.

தலைப்பைத் தொடங்கும் உரிமை எல்லா உறுப்பினருக்கும் இருக்கட்டும், சேனலைத் தொடங்கும் உரிமை நிர்வாகிகளுக்கு மட்டும். யூஸ்நெட்டில் நடந்த பெயர்ச் சண்டையை இந்தச் சின்ன ஏற்பாடு பெருமளவு தவிர்த்துவிடும்.

## சாவி யார் கையில்?

பேச்சை ஒழுங்குபடுத்துபவரை மட்டுறுத்துநர் என்கிறோம். நகர்த்துவது, மூடுவது, தேவைப்பட்டால் நீக்குவது அவர் வேலை. டிஸ்கோர்ஸ் என்கிற திறந்த மூலத் தளம் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. 0 முதல் 4 வரை நம்பிக்கை நிலைகள். புதிதாக வருபவருக்குச் சில கட்டுப்பாடுகள் இருக்கும். படித்து, எழுதி, பழகப் பழக உரிமைகள் பெரும்பாலும் தாமாகவே கூடும். திறந்த சமூகங்களுக்கு இது பொருத்தம்.

சங்கத்தில் நிலைமை வேறு. அங்கே அதிகாரம் பழக்கத்தால் வருவதில்லை, தேர்தலால் வருகிறது. ஆகவே உரிமை "செயலாளர்" என்கிற பதவியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும், அந்த நாற்காலியில் இப்போது இருப்பவரின் ஃபோன் எண்ணோடு அல்ல. வாட்ஸ்அப்பில் இருக்கும் ஒரே அட்மின் கோபித்துக்கொண்டு வெளியேறினால் பொறுப்பு யாரோ ஓர் உறுப்பினர் தலையில் விழும். தேர்தலில் தோற்றவர் அட்மின் பொறுப்பை விடாமல் வைத்துக்கொண்டு நடத்தும் கூத்துகளைப் பல சங்கங்கள் பார்த்தாயிற்று. செய்தியை நீக்கினால், யார், எப்போது, எதற்காக நீக்கினார்கள் என்கிற தடம் இருக்க வேண்டும். கணக்கு பற்றிய கேள்வியை நீக்கியதாகச் சந்தேகம் வந்துவிட்டால் அதன்பின் எந்த வசதியும் அந்தத் தளத்தைக் காப்பாற்றாது.

ஃபோன் எண் பற்றியும் ஒரு வார்த்தை. குழுவில் சேர்ந்ததாலேயே முகம் தெரியாத நூறு பேரிடம் தன் எண் போய்ச் சேர்வதைப் பல பெண்கள் விரும்புவதில்லை. பெயரும் வீட்டு எண்ணும் மட்டும் தெரியும்படி அமைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. இப்படிப்பட்ட தனிநபர் விவரங்களைக் கணினியில் கையாள்வது குறித்து இந்தியாவில் 2023இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது.

## இடம் யாருடையது?

2023 ஜூனில் ரெடிட்டில் ஆயிரக்கணக்கான பிரிவுகள் கதவை மூடிக்கொண்டன. வெளியார் செய்த செயலிகளுக்கு நிறுவனம் கட்டணம் விதித்ததை எதிர்த்து, சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் மட்டுறுத்துநர்கள் நடத்திய போராட்டம் அது. கட்டணம் அப்படியே அமலானது. சமூகத்தை வளர்த்தவர்கள் அவர்கள், இடம் நிறுவனத்துடையது.

யாஹூ குரூப்ஸ் என்கிற மின்னஞ்சல் குழுச் சேவையில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த உரையாடல்கள் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டன. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் அதே ஆண்டு ஏப்ரலில் மூடப்பட்டது. அதனால் தளத்தை வாங்கும் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி: எங்கள் எழுத்து முழுவதையும், தலைப்புகளோடு, வேறொரு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவத்தில் இறக்கிக்கொள்ள முடியுமா? ஸூலிப், டிஸ்கோர்ஸ் போன்றவற்றைச் சொந்த சர்வரிலேயே நிறுவலாம். ஆனால் அதை அவ்வப்போது புதுப்பிக்கவும் நகல் எடுத்து வைக்கவும் ஒரு ஆள் வேண்டும். "நம்ம பையன் ஒருத்தன் ஐடியில இருக்கான், பார்த்துப்பான்" என்பது ஏற்பாடு ஆகாது. பையன் பெங்களூருக்கு வேலை மாறிப் போய்விடுவான். அப்படி ஆள் இல்லாத சங்கம் மாதக் கட்டணம் கட்டி அடுத்தவர் சர்வரில் வைப்பதே மேல்.

தளம் வந்துவிட்டதே என்று வாட்ஸ்அப் குழுவைக் கலைக்கவும் வேண்டாம். புது ஆப்பை ஏற்றவே மாட்டேன் என்கிற பெரியவர்கள் எந்தச் சங்கத்திலும் இருப்பார்கள். அன்றன்று திறந்த தலைப்புகளின் பட்டியலை இணைப்போடு மாலையில் ஒருமுறை அந்தக் குழுவில் போட்டால் அவர்களுக்கும் விஷயம் போய்ச் சேரும். வாழ்த்து, காலை வணக்கப் படம், காணாமல்போன பூனை எல்லாம் அங்கேயே இருக்கட்டும். தீ, மின்கசிவு, யாராவது மயங்கி விழுந்துவிட்டார் என்றால் எந்தத் தளத்திலும் தலைப்பு தேடிக்கொண்டிருக்க வேண்டாம், வாட்ச்மேனுக்கு ஃபோன் போடுங்கள்.